காதுக்கும் தோளுக்கும் நடுவே

தலைவலி என்று வாய்விட்டுச் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு வைத்தியர்களுக்குக் குறைவே இல்லாமல் போனது. தண்ணீர் நிறையக் குடி என்றார் ஒருவர். காபியை விடு என்றார் இன்னொருவர். கண்ணைச் சோதித்துப் பார் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சோதித்துப் புதுக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வந்தபோது, கண்ணாடிதான் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றாள் அதே பக்கத்து வீட்டுக்காரி. கண்டதையும் யோசிக்காதே என்று சொன்னவர்கள்தான் அதிகம். எதை யோசிக்கக் கூடாது என்று திருப்பிக் கேட்டால் மட்டும் ஒருவரிடமும் பதில் இல்லை.

கணவரின் அக்கா எல்லோரையும் விட ஒரு படி மேலே போனார். "எல்லாம் மனசுதாம்மா. ரெண்டு புள்ளைங்களை வளத்து, மாமனார் மாமியாரைப் பாத்து, எனக்கெல்லாம் தலை வலிக்க நேரமே இருந்ததில்ல," என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் பெரியவர், வீட்டுக்கு வந்திருப்பவர். வேறென்ன செய்வது.

அலுவலகத்தில் அவளுக்குக் 'கன்ட்ரோல்' என்று பெயர். முந்நூற்று நாற்பது கட்டடங்களின் லிஃப்ட்களைப் பராமரிக்கும் நிறுவனம் அது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட யாராவது மணிப் பொத்தானை அழுத்தினால், அழைப்பு நேராக இரண்டாம் மாடியில் இருக்கும் கன்ட்ரோல் அறைக்கு வரும். எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ளே எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதிந்துகொண்டே இன்னொரு போனில் அந்தப் பகுதி மெக்கானிக்கைப் பிடிக்க வேண்டும். கதவு திறக்கும் வரை உள்ளே இருப்பவரைப் பேச்சில் வைத்திருக்க வேண்டும். "மெதுவா மூச்சு விடுங்க. கதவை இழுக்காதீங்க. ஆள் கிளம்பியாச்சு. நான் லைன்லயே இருக்கேன்." பன்னிரண்டு வருடமாக அவள் சொல்லிவரும் வார்த்தைகள் இவை. இருட்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்கள் அவள் குரலைக் கேட்டதும் அடங்குவார்கள். அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

முன்பு பகல் ஷிஃப்டில் அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி கல்யாணமாகி வேறு நாட்டுக்குப் போனாள். இன்னொருவர் ஓய்வு பெற்றார். இரண்டு இடத்துக்கும் ஆள் வரவில்லை. மூன்று நாற்காலிகளும் மூன்று போன்களும் அப்படியே இருந்தன. ஆள் மட்டும் இவள் ஒருத்தி. அப்புறம் அவளுடைய ஹெட்செட் உடைந்தது. மற்ற இரண்டும் முன்பே உடைந்து அலமாரிக்குள் கிடந்தன. இரண்டு கையும் வேலையில் இருக்க, ரிசீவரை எங்கே வைப்பது? இடது காதுக்கும் இடது தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். ஐந்து மாதமாக அப்படித்தான்.

மேலாளரிடம் கேட்டாள். எழுதிக் கொடுத்தாள். மீண்டும் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. கத்த மாட்டார், முகத்தைச் சுளிக்க மாட்டார். எதைக் கேட்டாலும் நிமிர்ந்து பார்த்து, "சரி, பாக்கலாம்" என்பார். பாத்ரூம் குழாய் ஒழுகினாலும் பாக்கலாம், மெக்கானிக்குகளுக்குக் கையுறை இல்லை என்றாலும் பாக்கலாம். அலுவலகத்தில் அவர் இல்லாதபோது அவர் பெயரே பாக்கலாம்தான்.

வலி காலை பத்தரை மணிக்கு ஆரம்பிக்கும். முதலில் பின்கழுத்தில் ஒரு பிடிப்பு. பதினொன்றரைக்கு அது மண்டையைச் சுற்றி வந்து நெற்றியில் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ஈரத்துணியை முறுக்கித் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாற்போல் இருக்கும். குத்தாது, துடிக்காது, சும்மா இறுக்கும். மாலை வரை இறுக்கிக்கொண்டே இருக்கும். மேசை இழுப்பறையில் மாத்திரை அட்டை இருந்தது. மதியம் ஒன்று, முடியாவிட்டால் நாலு மணிக்கு இன்னொன்று. வீட்டுக்குப் போனால் கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாத்திரை போட்டியா?" என்பார். பெயின்ட் கடையில் நாள் முழுக்க நின்றபடி வர்ணம் கலக்குகிற மனிதர். அவருக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியாது. போட்டேன் என்பாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அந்த மாதம் அலுவலகத்தில் 'மன அமைதி வகுப்பு' என்று ஒன்று வந்தது. ஊழியர்கள் லீவு போடுவது அதிகமாகிவிட்டதாம். தலைமை அலுவலகத்தின் ஏற்பாடாம். சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரையும் கூட்ட அறையில் உட்காரவைத்தார்கள். கன்ட்ரோல் போனைக் கூட்ட அறைக்கே நீண்ட வயரில் இழுத்து அவள் மடியில் வைத்தார்கள். அமைதி வேண்டும், ஆனால் அழைப்பும் தவறக் கூடாது.

வகுப்பெடுக்க வந்தவர் வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, விளம்பரத்தில் வருகிற பல்வரிசை. கண்ணை மூடச் சொன்னார். தினமும் காலையில் கண்ணாடியைப் பார்த்து இருபது முறை சிரிக்கச் சொன்னார். பிறகு அவள் பக்கம் வந்தார்.

"நீங்க ரொம்ப இறுக்கமா இருக்கீங்க. என்ன பிரச்சனை?"

"தலைவலி."

"தலைவலிங்கிறது உள்ள அடைஞ்சு கிடக்கிற கோவம். யார் மேல கோவம் உங்களுக்கு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மேலாளர் முன்வரிசையில் அடக்கமாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஹெட்செட் இல்ல சார்," என்றாள் அவள்.

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் விடவில்லை. "பாத்தீங்களா, வெளியில காரணம் தேடுறீங்க. காரணம் உள்ள இருக்கு. கோவத்தை விடுங்க. விட்டுட்டேன்னு சொல்லுங்க."

மடியில் இருந்த போன் அடித்தது. நாலாவது மாடியில் மூன்று பேர். அவள் ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டு எழுந்து, வயரைச் சுருட்டியபடி தன் அறைக்கு ஓடினாள். போகும்போது அவர் சொல்வது காதில் விழுந்தது: "இந்த மாதிரி பதட்டம்தான்." நெற்றியில் முடிச்சு இன்னொரு சுற்று இறுகியது. அந்த ஆளின் வெள்ளைச் செருப்பைக் கழற்றி அவர் வாயிலேயே வைக்க வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

அடுத்த வாரம் அது நடந்தது. மதியம் மூன்றரை. பதினேழாவது அழைப்பு. துணிக்கடை லிஃப்டில் ஒருவர் தனியாக மாட்டிக்கொண்டு கெட்ட வார்த்தையில் கத்தினார். அவர் கத்துவதில் கட்டடப் பெயர்கூடக் கேட்கவில்லை. அவளுக்கு வெளிச்சமே ஊசியாகத் தெரிந்தது. பன்னிரண்டு வருடத்தில் சொல்லாததைச் சொன்னாள்: "நீங்க கத்தினா லிஃப்ட் மேல போகாது. வாயை மூடிட்டு நில்லுங்க."

எதிர்முனை சட்டென்று அடங்கியது. மெக்கானிக் போய்த் திறந்துவிட்டார். ஆனால் இருட்டுப் பெட்டிக்குள் பயந்து நின்ற ஒருவரை அவள் அதட்டியிருக்கிறாள். தன்மேலேயே வந்த கோபத்தோடு அன்றைக்கே ஷிஃப்ட் முடிந்ததும் நேராக மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டர் அம்மா நிதானமாகக் கேட்டார். திடீரென்று இடி விழுந்தாற்போல் வலித்ததா, காய்ச்சல் உண்டா, பார்வை மங்குகிறதா, கைகால் மரத்துப் போகிறதா, எங்கேயாவது விழுந்தீர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. இது இறுக்கத்தால வர்ற தலைவலி. தசை இறுகிப் போச்சு. இப்போ நான் கேட்ட அறிகுறியில ஏதாவது ஒண்ணு வந்தா உடனே ஓடி வாங்க. மாத்திரை எத்தனை போடுறீங்க?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். எண்ண எண்ண அவளுக்கே குறுகுறுத்தது. மாதத்தில் இருபது நாள்.

"அதுவும் ஒரு காரணம்," என்றார் டாக்டர். "வலிக்கு அடிக்கடி மாத்திரை போட்டா, அந்த மாத்திரை இறங்கினதும் தலை மறுபடி வலிக்கும். அதுக்கு இன்னொண்ணு போடுவீங்க. வாரத்துக்கு ரெண்டு நாளுக்கு மேல வேண்டாம். முதல் பத்து நாள் ரொம்பக் கஷ்டமா இருக்கும், முன்னாடியே சொல்லிடுறேன். கீழே பிசியோகிட்ட போய்க் கழுத்தைக் காட்டுங்க."

முழுங்கினதே திருப்பி அடிக்கிறதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை மாதமாக இதை ஒருத்தர் சொல்லவில்லையே. மாத்திரை போட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்டவர்கள்தான் எல்லோரும்.

பிசியோ சின்னப் பெண். அவள் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். தேன் தடவிப் பேசத் தெரியாத பெண். உள்ளே வந்தவளை வாசலிலேயே நிறுத்திவைத்துப் பார்த்தாள்.

"அக்கா, தோளை இறக்குங்க."

"இறக்கித்தானே இருக்கு."

"இல்ல. இடது தோள் காதுக்குப் பக்கத்துல இருக்கு. கண்ணாடில பாருங்க."

பார்த்தாள். உண்மைதான். இடது தோள் யாரோ கொக்கி போட்டுத் தூக்கினாற்போல் உயர்ந்து நின்றது. போன் இல்லாதபோதும் அது போனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் என்ன வச்சிருப்பீங்க?"

"ரிசீவர்."

"எத்தனை மணி நேரம்?"

"எட்டு."

பிசியோ பெண் அவளைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, மண்டை ஓடு முடிந்து கழுத்து தொடங்குகிற இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். அழுத்தியது பின்னால், வலித்தது முன்னால், சரியாக நெற்றியில், தினமும் முடிச்சு விழும் அதே இடத்தில்.

"இதுதானே உங்க தலைவலி?"

"இதேதான்."

"தலைக்குள்ள ஒண்ணும் இல்லக்கா. இங்கேர்ந்துதான் கிளம்புது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் இப்போ ஒட்டியிருக்கா?"

ஒட்டித்தான் இருந்தது. கடைவாய் இரண்டும் இறுகிக் கிடந்தன.

"உதடு மூடியிருக்கலாம். பல்லு ஒட்டக் கூடாது. சாப்பிடும்போது தவிர."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வலியால் இல்லை. மனசு மனசு என்றார்களே. சிரி என்றார்களே. கோபத்தை விடு என்றானே அந்தப் பல்வரிசைக்காரன். ஐந்து மாதமாக ஒரு ரிசீவரை இடுக்கிக்கொண்டிருக்கிறாள், அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு சின்னப் பெண் வாசலில் நிறுத்திப் பார்த்து அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கிறாள். கட்டிலில் முகம் பதிக்க விட்டிருந்த ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அவள் கோபத்தில் அழுதாள். பிசியோ பெண் அழட்டும் என்று விட்டுவிட்டுக் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

செய்ய வேண்டியதெல்லாம் பெரிய வித்தை இல்லை. காலையிலும் மாலையிலும் சூடான ஈரத்துண்டைக் கழுத்தில் பத்து நிமிடம் போட வேண்டும். முகவாயை உள்ளே இழுத்துக் கழுத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பத்து எண்ண வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று தோளைச் சுழற்ற வேண்டும். சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது, தூக்கத்தைத் திருடக் கூடாது. ஒரு நோட்டில் தினமும் எப்போது வலித்தது, அதற்கு முன் என்ன செய்தாய் என்று இரண்டு வரி எழுத வேண்டும். "இதெல்லாம் செஞ்சா குறையும்," என்ற பிசியோ பெண் கடைசியில், "ஆனா அந்த ரிசீவரை இடுக்கிட்டே இருந்தீங்கன்னா நான் பிடிச்சுவிடறதும் வீண், நீங்க துண்டு போடறதும் வீண்," என்றாள்.

மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தலை கொதிக்கிற பானையாக இருந்தது. கணவரின் அக்கா வந்திருந்தார். மாலை காபி நேரத்தில் அவள் அறைக்குள் போய்ப் பாயை விரித்து, சூட்டுத் துண்டைக் கழுத்தடியில் வைத்துப் படுத்தாள். கதவுக்கு வெளியே நாத்தனார் குரல் கேட்டது.

"வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது போய்ப் படுத்துக்கறது புதுப் பழக்கமா இருக்கே."

கணவர் ஏதோ முனகினார். "தலைவலி அக்கா அவளுக்கு."

"எப்பப் பாத்தாலும் தலைவலி. நீ குடுக்கற இடம்."

அவள் எழுந்தாள். துண்டு கழுத்திலிருந்து சரிந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தாள். எப்போதும்போல் பல்லைக் கடிக்கப் போனவள், பல் ஒட்டக் கூடாது என்பது நினைவுக்கு வந்து வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது.

"அண்ணி, உங்களுக்குத் தலை வலிச்சதே இல்லன்னா சந்தோஷம். எனக்கு வலிக்குது. பத்து நிமிஷம் படுக்கணும். காபி அவர் போடுவார். நல்லாத்தான் போடுவார், கலக்கறதுதானே அவர் வேலை."

மகள் கையிலிருந்த புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். கணவர் எழுந்து சமையலறைக்குள் போனார். பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. அவள் போய்ப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்.

பிறகு, அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்த கணவர் பாயோரமாக வந்து உட்கார்ந்தார். தலைமாட்டில் இருந்த வலி நோட்டை எடுத்துப் புரட்டினார். முந்தைய மாதக் காலண்டர் தாளை முதல் பக்கத்தில் ஒட்டி, மாத்திரை போட்ட நாட்களுக்கு அவள் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"இருபது நாளா?" என்றார். "எனக்குத் தெரியாதே."

"தினம் நீங்கதானே கேப்பீங்க போட்டியான்னு."

"கேப்பேன். எண்ணினதில்ல."

அவளுக்கு அதற்கு மேல் அவரைக் குத்த மனமில்லை. அன்றிலிருந்து மாலைத் துண்டைச் சுடவைப்பது அவர் வேலையாயிற்று. சில நாள் கையே வைக்க முடியாதபடி கொதிக்கக் கொண்டுவந்து திட்டு வாங்குவார்.

மாத்திரையை நிறுத்திய ஏழாம் நாள் காலை பதினொன்றே கால் மணிக்கு மேலாளர் கையில் ஒரு தாளோடு கன்ட்ரோல் அறைக்கு வந்தார்.

"மேடம், ஒரு புகார் வந்திருக்கு. துணிக்கடை லிஃப்ட். வாயை மூடுன்னு சொன்னீங்களாம்."

"சொன்னேன் சார்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பாள், அழுவாள், தான் பெருந்தன்மையாக மன்னிக்கலாம் என்று வந்திருப்பார் போல. "அப்படிப் பேசலாமா? அந்த வகுப்புலயே சொன்னாங்களே, நீங்க கொஞ்சம் கோவத்தை..."

போன் அடித்தது. அவள் எடுத்தாள். ஏழு மாடிக் குடியிருப்பு. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு பெண்ணும் இரண்டு வயதுக் குழந்தையும். குழந்தை வீறிட்டது. "மெதுவா மூச்சு விடுங்கம்மா. குழந்தையோட தரையில உக்காந்துக்குங்க. நான் லைன்லயே இருக்கேன்." ரிசீவர் வழக்கம்போல் தோளுக்குப் போயிருந்தது. இன்னொரு கையால் மெக்கானிக்கைப் பிடித்தாள்.

அப்போது இரண்டாவது மேசையில் போன் அடித்தது. ஓய்வு பெற்றவர் உட்கார்ந்திருந்த மேசை.

மேலாளர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "எடுங்க சார். உள்ள ஆள் இருக்கு."

"எனக்கு அந்த சிஸ்டம்..."

"எடுங்க."

அவர் எடுத்தார். கண் மருத்துவமனை லிஃப்டில் ஒரு முதியவர், தனியாக, ஒரு கண்ணில் கட்டோடு. போன் திரையில் ஓர் எண் விழும். பன்னிரண்டு வருடத்தில் அவளுக்கு அதெல்லாம் மனப்பாடம்; மற்றவர்களுக்கு அதைக் கம்ப்யூட்டரில் அடித்தால்தான் முகவரியும் மெக்கானிக் பெயரும் வரும். மேலாளர் ஒரு கையில் ரிசீவரைப் பிடித்து மறுகையின் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். தப்பான எண். மறுபடி அடித்தார். "எந்த பில்டிங் சார்?" என்று முதியவரிடமே கேட்டார். எதிர்முனையில் அந்தப் பெரியவர், "என்னையா கேக்கறே, நீதானேப்பா சொல்லணும்?" என்றது இவள் காது வரை கேட்டது.

அவள் இங்கிருந்தே தன் இடது தோளைத் தட்டிக் காட்டினாள். அவருக்குப் புரிந்தது. ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே வைத்துக் கழுத்தைச் சாய்த்தார். வழுக்கி மேசையில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்து, தோளைக் காது வரை தூக்கி இறுக்கிக்கொண்டார். இப்போது இரண்டு கையும் கிடைத்தன. எண் கிடைத்தது. மெக்கானிக் கிடைத்தார். அவர் வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்.

அந்த இருபத்தைந்து நிமிடமும் முதியவர் விடவில்லை. கண் தெரியவில்லை, இருட்டாக இருக்கிறது, நீ போய்விடாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மேலாளர் "இருக்கேன் சார், இருக்கேன் சார்" என்று சொல்லியபடி, கழுத்து கோணிய வாக்கில் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடத்தில் முகம் சிவந்தது. பதினைந்தாவது நிமிடத்தில் மறுபக்கம் மாற்றிப் பார்த்தார், விசைப்பலகை எட்டவில்லை, திரும்ப இடது பக்கமே கொண்டுவந்தார். அவள் லைனில் இருந்த பெண்ணும் குழந்தையும் அதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். அவள் நினைத்திருந்தால் முதியவரைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். எழுந்து பக்கத்தில் போய் நின்று, அவர் தடுமாறிய இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் காட்டினாள். ரிசீவரை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

கதவு திறந்தது. முதியவர் நன்றி சொல்லிப் போனார். மேலாளர் ரிசீவரை வைத்துவிட்டு, தன்னையறியாமல் கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோனார். அவள் பார்ப்பதைப் பார்த்ததும் கையை இறக்கினார்.

"சரி, அந்த ஹெட்செட் விஷயம்... பாக்கலாம்."

"இனிமே என்ன சார் பாக்கறது. இப்பத்தானே பாத்தீங்க."

எழுந்து போகப் பார்த்தவரை அவள் விடவில்லை.

"நீங்க அரை மணி நேரம் வச்சிருந்தீங்க. நான் அஞ்சு மாசமா, தினம் எட்டு மணி நேரம். ஆள் வர வேண்டிய இடம் ரெண்டு காலியா கிடக்கு. இதுல எனக்குக் கோவத்தை விடச் சொல்லி வகுப்பு. நாளையிலேர்ந்து நான் போனைக் கையில பிடிச்சுத்தான் பேசுவேன். மெக்கானிக்கைக் கூப்பிடுவேன், உள்ள இருக்கறவங்களோட பேசுவேன். கதவு திறந்த பிறகுதான் சிஸ்டத்துல ஏத்துவேன். பதிவு லேட்டாகும். ஏன் லேட்டுன்னு மேலேர்ந்து கேப்பாங்க. கேட்டா என்கிட்ட குடுங்க, நான் சொல்றேன்."

குரல் உயரவில்லை. மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் அதே குரல்தான். அதுதான் அவரை அதிகம் கலக்கியது போலிருக்கிறது. புகார்த் தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் தாளில் புகார் கொடுத்தவரின் எண் இருந்தது. அவள் கூப்பிட்டாள். அந்த வார்த்தை சொன்னது தப்பு, மன்னிக்கணும் என்றாள். அந்த ஆள், "நானும் அசிங்கமா கத்திட்டேங்க. எனக்குச் சின்ன வயசுலேர்ந்து மூடின இடம்னா ஆகாது," என்றார். அவர்மேல் அவளுக்குக் கோபமே இருந்ததில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், கையில் அகப்பட்டவர்மேல் பாய்ந்திருக்கிறது.

மறுநாளிலிருந்து சொன்னபடியே செய்தாள். முதல் நாள் பதினாறு பதிவுகள் தாமதம். நாலாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். மேலாளர் அழைப்பை அவளுக்கே மாற்றிவிட்டார். அவள் சொன்னாள், மூன்று வரியில். பதினோராம் நாள் ஹெட்செட் வந்தது. ஒன்று கேட்டதற்கு இரண்டாக வந்தது. அதற்கு அடுத்த மாதம் பகல் ஷிஃப்டுக்கு இன்னொரு பெண் வந்தாள். மூன்றாவது நாற்காலி இன்னும் காலிதான்.

வலி ஒரே நாளில் போய்விடவில்லை. டாக்டர் சொன்ன பத்து நாள் பதினான்கு நாள் இழுத்தது. ஆனால் அதன்பிறகு நோட்டில் வலித்த நாட்கள் மாதத்துக்கு இருபதிலிருந்து பதினொன்றாகி, அடுத்த மாதம் ஐந்தாயின. மணிக்கொருதரம் எழுந்து தோளைச் சுழற்றுவதைப் பார்த்து முதலில் சிரித்த மெக்கானிக்குகளில் இரண்டு பேர் இப்போது அவர்களும் சுழற்றினார்கள். மோட்டார் அறையில் நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கும் கழுத்துகள் அவை.

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மேலாளர் அவளைக் கூப்பிட்டு ஓர் அறிக்கையில் கையெழுத்துக் கேட்டார். மன அமைதி வகுப்பில் கலந்துகொண்டதால் தன் தலைவலி குணமானதாகவும், லீவு எடுப்பது குறைந்ததாகவும் அவள் சொல்வதுபோல் அதில் அச்சடித்திருந்தது. கீழே அவள் புகைப்படத்துக்குக்கூட இடம் விட்டிருந்தார்கள்.

"எல்லா கிளையிலேர்ந்தும் ஒருத்தர் குடுக்கணுமாம் மேடம். சும்மா ஒரு கையெழுத்துதான்."

அவள் நின்றபடியே முழுவதும் படித்தாள். பேனாவை வாங்கினாள். அச்சடித்திருந்ததை மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக அடித்துவிட்டு, அடியில் எழுதினாள்: ஹெட்செட் கொடுத்தார்கள். ஓர் ஆள் கூடுதலாகப் போட்டார்கள். பிசியோ கழுத்தைச் சரிசெய்தார். மாத்திரையை நிறுத்தினேன். இன்னும் ஓர் ஆள் வேண்டும். அதற்குக் கீழே தெளிவாகக் கையெழுத்துப் போட்டாள்.

மேலாளர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எப்படி அனுப்பறது?" என்றார்.

"அப்படியே அனுப்புங்க சார்," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்கு வந்தாள்.

அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கழுத்தை உடைத்தவர்களுக்கே குணமாக்கிய பெயரும் வேண்டுமாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நடந்ததை முழுக்கக் கணவரிடமும் மகளிடமும் உரக்கச் சொன்னாள். சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. மகள் நடுவில் இரண்டு கேள்வி கேட்டாள். கணவர் தட்டு எடுத்துவைத்தார். அவள் வயிறாரச் சாப்பிட்டாள். ஒன்பது மணிக்குள் தூங்கிப்போனாள்.